சர்வதேசப் பந்தயங்களும் ஊர் க்ஷேமமும்

பெரியதொரு சர்வதேசப் பந்தயத்தை ஓர் ஊர் ஏற்று நடத்துமாயின், அந்த ஊருக்குப் பிரயாணிகள் திரள் திரளாக வருவார்கள், வியாபாரம் பெருகும், ஊரின் கீர்த்தி நாற்றிசையும் பரவும், செலவிட்ட பணம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். இவ்வாறு ஓர் அபிப்பிராயம் நம் தேசத்தில் வேரூன்றி வருகிறது. 2030ஆம் வருஷத்துக் காமன்வெல்த் பந்தயங்களை நடத்தும் உரிமை 2025 நவம்பரில் ஆமதாபாத் நகருக்கு அளிக்கப்பட்டது. 2036ஆம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயங்களையும் நம் தேசத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்று முயற்சி நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் சில வருஷங்களாகச் சதுரங்கம், ஹாக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சர்வதேசப் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. ஆகவே, மேற்கண்ட அபிப்பிராயம் எவ்வளவு தூரம் உண்மை என்று விசாரிப்பதற்கு இது தக்க தருணமாகும்.

அனுப்பர்பாளையத்தில் பித்தளைத் தகட்டைத் தட்டிக் குடமாக்கும் தொழிலாளிக்கும், திருப்பூரில் பனியன் தைத்துப் பிழைக்கும் பெண்மணிக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இரண்டு வகையில் உண்டு. முதலாவது, இப்பந்தயங்களுக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி பொதுப் பொக்கிஷத்திலிருந்து எடுக்கப்படுவது. அந்தப் பொக்கிஷத்தை நிரப்புகிறவர்களில் இவர்களும் அடங்குவர். சோப்பும் செருப்பும் வாங்கும்போதெல்லாம் இவர்கள் வரி செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டாவது, வெளியூர்ப் பிரயாணியின் கைப்பணம் நேராகத் தொழிலாளியின் கைக்கு வந்து சேர வேண்டுமாயின், அதற்கு வழி கைத்தொழில் ஒன்றே. அவ்வழி திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்பது அனுப்பர்பாளையம் போன்ற ஊர்கள் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

விசாரணைக்கு உதவும் முதல் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. 2022ஆம் வருஷம் ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. ருஷ்யாவில் நடக்கவிருந்த இப்பந்தயம், உக்ரேன் மீது அந்நாடு படையெடுத்ததும் அங்கிருந்து எடுக்கப்பட்டது. 2022 மார்ச்சில் அது சென்னைக்குக் கிடைத்தது. ஏற்பாடுகளுக்கு இருந்த அவகாசம் ஏறக்குறைய 4 மாதங்களே. பொதுப் பிரிவில் 188 அணிகளும், பெண்கள் பிரிவில் 162 அணிகளும் கலந்துகொண்டன. தமிழ்நாடு சர்க்கார் 90 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினர். வேஷ்டி கட்டிய குதிரை ஒன்றுக்குத் 'தம்பி' என்று பெயரிட்டு ஊரெங்கும் நிறுத்தினார்கள். சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கப் பலகை போல் கறுப்பும் வெள்ளையுமாக வர்ணம் தீட்டினார்கள். இத்தனை சொற்ப காலத்தில் இவ்வளவு பெரிய காரியத்தைப் பழுதின்றி நடத்தி முடித்த உத்தியோகஸ்தர்களையும் தொண்டர்களையும் பாராட்டாதிருப்பது நியாயமாகாது. நாமும் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், பந்தயம் நன்றாக நடந்தது என்பது வேறு. பந்தயத்தால் அவ்வூருக்குப் பிரயாணிகள் பெருகினார்கள் என்பது வேறு. முதலாவது நிரூபணமாயிருப்பதைக் கொண்டு இரண்டாவதும் நிரூபணமாகிவிட்டதாகக் கொள்வது எந்த நியாயஸ்தலத்திலும் செல்லாத வாதமாகும்.

மத்திய சர்க்காரின் சுற்றுலாப் புள்ளி விவரங்களைப் பார்ப்போம். 2021-22ஆம் வருஷத்தில், கட்டணம் வசூலிக்கப்படும் புராதனச் சின்னங்களில் வெளிநாட்டார் அதிகமாகச் சென்று பார்த்த இடம் மாமல்லபுரமே. அங்கே வந்தவர்கள் 1,44,984 பேர். உலகமெல்லாம் புகழ் பெற்ற ஆக்ராவின் தாஜ்மஹாலுக்கு அவ்வருஷம் வந்த வெளிநாட்டார் 38,922 பேர். தொற்றுநோயினால் பிரயாணங்கள் முடங்கியிருந்த வருஷம் அது என்பது மெய்யே. எனினும், வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கணக்கு 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஒலிம்பியாட் தொடங்கியதோ ஜூலை மாதக் கடைசியில். பந்தயத்துக்காக ஒரு பந்தற்கால்கூட நடப்படாத காலத்திலேயே இத்தனை பேர் அவ்வூரைத் தேடி வந்திருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்தது கடற்கரைக் கோயிலும், ஐந்து ரதங்களும், அர்ஜுனன் தபசும் அன்றி வேறில்லை. பல்லவ மன்னர் காலத்துச் சிற்பி 1,300 வருஷங்களுக்கு முன் உளியால் போட்ட முதலுக்கு இன்றும் வட்டி வந்துகொண்டிருக்கிறது.

இனி, பந்தயத்துக்கென்று வந்தவர்கள் ஊரைப் பார்த்தார்களா என்றும் யோசிக்க வேண்டும். மொத்தம் 11 சுற்றுகள். இடையே ஓய்வு நாள் ஒன்றே ஒன்று. ஆட்டம் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும். காலைப் பொழுதை ஆட்டக்காரர் எதிராளியின் ஆட்டங்களைப் படிப்பதில் கழிப்பார். மாலை முழுவதும் குளிர்சாதன மண்டபத்துக்குள் பலகையின் முன் அமர்ந்திருப்பார். இரவில் விடுதிக்குத் திரும்பி உறங்குவார். பந்தயத்துக்கு வருகிறவர் வேலையாக வருகிறவர். வேடிக்கை பார்க்க வருகிறவரல்லர். நம் ஊர்ப் பின்னலாடை வியாபாரி ஜெர்மனிக்குக் கண்காட்சிக்குப் போனால் ரைன் நதியின் அழகை எத்தனை நாள் அநுபவித்துத் திரும்புகிறார்? அதே கதைதான் இதுவும்.

அந்த ஒலிம்பியாடினால் பலனே இல்லையென்று நாம் கூறவில்லை. பலன் உண்டு. அது கிடைத்த இடம் வேறு. அப்பந்தயத்தில் இந்தியாவின் இரண்டாவது அணி பொதுப் பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்றது. பெண்கள் பிரிவிலும் நமக்கு வெண்கலம் கிடைத்தது. 2024இல் புடாபெஸ்டில் நடந்த அடுத்த ஒலிம்பியாடில் இரு பிரிவுகளிலும் இந்தியா தங்கம் வென்றது. அவ்வருஷம் டிஸம்பரில் சென்னைச் சிறுவர் குகேஷ் தமது 18ஆம் பிராயத்தில் உலகச் சதுரங்க வீரரானார். இக்கீர்த்திக்கும் விதை 2022இல் போட்டதன்று. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் என்ற பட்டத்தைப் பெற்ற மானுவேல் ஆரோன் காலத்திலிருந்தே சென்னையில் சதுரங்கப் பயிர் வளர்ந்து வந்திருக்கிறது. 1988இல் விசுவநாதன் ஆனந்த் தேசத்தின் முதல் கிராண்ட் மாஸ்டரானபோது அது கதிர் விட்டது. சிறு சிறு கழகங்களும், பொறுமையுள்ள ஆசிரியர்களும், பிள்ளைகளை ஊர் ஊராக அழைத்துச் சென்ற தாய் தந்தையரும் நீர் பாய்ச்சிய பயிர் அது. ஒலிம்பியாட் அந்தப் பயிருக்குப் பெய்த ஒரு நல்ல மழை. விதையில்லாத நிலத்தில் மழை பெய்தால் சேறுதான் மிஞ்சும்.

நிற்க, பிற தேசத்துச் சாட்சிகளையும் விசாரிப்போம்.

லண்டன் மாநகரம் 2012 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒலிம்பிக் பந்தயங்களை நடத்தியது. அந்த ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டாரின் தொகை, அதற்கு முந்திய வருஷத்து ஆகஸ்டைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 5 வீதம் குறைந்திருந்ததாக அந்நாட்டுச் சர்க்கார் கணக்கே தெரிவித்தது. இதென்ன விபரீதம் என்று வியப்பவர்கள், காரணத்தைச் சற்று யோசித்தால் தெளிவடைவார்கள். பந்தயம் நடக்கும் மாதத்தில் விடுதி வாடகை ஏறும். ரயில்களில் நெரிசல் மிகும். காவலும் கெடுபிடியும் கூடும். வழக்கமாக வரும் யாத்திரிகர் இதையெல்லாம் கேள்விப்பட்டு, 'இவ்வருஷம் வேண்டாம்' என்று வேறு தேசத்துக்குப் போய்விடுவார். பந்தயம் பார்க்க வந்தவரோ மைதானத்துக்கும் விடுதிக்கும் இடையே அலைவாரேயன்றி நாடக சாலைக்கும் பொருட்காட்சி சாலைக்கும் போகமாட்டார். வந்தவர் தலையை மட்டும் எண்ணி, வராமற்போனவர் தலையை எண்ணாமல் விடுவது, கடைக்காரன் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

உள்ளூர்ப் பணத்தைப் பற்றியும் இதே தவறு நேருகிறது. மதுரையில் வசிக்கும் ஒருவர் பந்தயச் சீட்டு வாங்க 500 ரூபாய் செலவிட்டால், அது மதுரைக்குப் புதிதாக வந்த பணமாகாது. அந்த வாரம் அவர் துணிக் கடையிலோ உணவு விடுதியிலோ செலவிட்டிருக்கக்கூடிய 500 ரூபாயே மைதான வாசலில் செலவாயிற்று. வலது ஜேபியிலிருந்த காசு இடது ஜேபிக்கு மாறியதை ஐசுவரியம் என்று எவரும் சொல்லார். வெளியிலிருந்து வந்தவர் கொடுத்ததிலும் எவ்வளவு ஊரில் தங்கியது என்று பார்க்க வேண்டும். பெரிய ஹோட்டல்களின் லாபம் அவற்றின் முதலாளிகள் இருக்கும் ஊருக்குப் போய்விடும். ஒளிபரப்பு உரிமைக்குக் கிடைக்கும் பெருந்தொகையில் ஒலிம்பிக் போன்ற சர்வதேச ஸ்தாபனங்கள் பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும். ஊருக்கு மிஞ்சுவது ஆட்டோக்காரர் வாடகையும், இளநீர்க்காரர் வருமானமும், கூட்டித் துடைப்பவரின் சில நாள் கூலியுமாகும். அவை உதாசீனம் செய்யத்தக்கவையல்ல; ஆனால் கோடிக்கணக்கான செலவுக்கு அவையே ஈடென்று சொல்வது பொருந்தாது.

எதிர்க்கட்சியாரின் சிறந்த சாட்சி ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனா நகரம். அதை மறைப்பது யோக்கியமாகாது. 1992இல் அங்கே ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த பிறகு அந்நகரம் ஐரோப்பாவின் தலைசிறந்த சுற்றுலா நகரங்களில் ஒன்றாயிற்று. ஆனால் அந்நகரத்தார் செய்ததென்ன? பந்தயத்துக்கு நீண்ட காலம் முன்பிருந்தே நகரைத் திருத்துவதற்கென்று திட்டம் வகுத்திருந்தார்கள். பழைய தொழிற்சாலைகளும் ரயில் பாதைகளும் அடைத்துக் கிடந்த கடற்கரையைத் திறந்து ஜனங்களுக்கு மணற்பரப்பாக்கினார்கள். சாலைகளையும் கழிவுநீர்க் கால்வாய்களையும் சீர்ப்படுத்தினார்கள். செலவில் அதிகப் பங்கு மைதானங்களுக்கல்ல, இவற்றுக்கே போயிற்று. கௌடி என்னும் சிற்ப மேதை கட்டிய அற்புதக் கட்டிடங்களோ அங்கே முன்பே இருந்தன. ஊர் தன்னைத் திருத்திக்கொள்வதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டது. அந்த நாளுக்கு ஒலிம்பிக் என்று பெயர். அவ்வளவே.

அந்த வெற்றிக்கும் ஒரு பின்கதை உண்டு. வருகிறவர்கள் பெருகப் பெருக, வீட்டுச் சொந்தக்காரர்கள் குடித்தனக்காரர்களை விலக்கிவிட்டு, நாள் வாடகைக்குப் பிரயாணிகளைக் குடியேற்றினார்கள். வாடகை ஏறியது, அவ்வூரில் பிறந்தவர்களே அவ்வூரில் வசிக்க முடியாதாயிற்று. 2024 ஜூலையில் ஜனங்கள் ஊர்வலமாகச் சென்று, உணவு விடுதிகளின் முன் அமர்ந்திருந்த பிரயாணிகள் மீது தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பிரயாணிகளுக்கு வீடுகளை வாடகைக்கு விடும் 10,101 லைசென்ஸுகளை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று அந்நகர மேயர் அறிவித்தார். விருந்தினர் வருகை பாக்கியந்தான். வீட்டுக்காரன் திண்ணையில் படுக்க நேருமாயின் அது பாக்கியமாகாது.

கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரின் கதை இன்னும் பரிதாபமானது. 1976இல் அங்கே ஒலிம்பிக் நடந்தது. அதற்கு வாங்கிய கடன் அடைந்து தீர்ந்தது 2006இல். பந்தயம் நடந்த வருஷம் பிறந்த குழந்தை 30 வயதுக் குடும்பஸ்தனாகும் வரை, அம்மாகாணத்தார் புகையிலை மேல் விதித்த வரியினால் அந்தக் கடனைக் கட்டி வந்தார்கள். நவீன ஒலிம்பிக் பந்தயங்களின் ஆதி ஸ்தானமாகிய ஏதென்ஸ் நகரில் 2004இல் கட்டிய மைதானங்கள் பல, சில வருஷங்களில் புல் முளைத்துப் பாழடைந்தன. அக்ரோபோலிஸ் குன்றைப் பார்க்கப் போகிறவர்கள் பந்தயத்துக்கு முன்னும் போனார்கள், பின்னும் போகிறார்கள். பாழ் மைதானங்களைப் பார்க்க எவரும் போவதில்லை.

நம் தேசத் தலைநகரின் அநுபவமும் மறக்கத்தக்கதன்று. 2010 அக்டோபரில் டில்லியில் நடந்த காமன்வெல்த் பந்தயங்களுக்கு 2003இல் போட்ட ஆதி மதிப்பீடு 1,200 கோடி ரூபாய். அது முடிவில் 18,532 கோடியாக உயர்ந்ததாகத் தணிக்கைத் தலைவரின் 2011ஆம் வருஷத்து அறிக்கை கூறிற்று. பந்தயம் தொடங்குவதற்குச் சில தினங்கள் முன்பு, பிரதான மைதானத்தை அடுத்துக் கட்டிய நடைபாலம் இடிந்து விழுந்து தொழிலாளிகள் பலர் காயமுற்றனர். குடிசைவாசிகள் அப்புறப்படுத்தப்பட்டனர், அவர்களுடைய இழப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறவில்லை. பந்தய விருந்தினருக்கென்று அவசரப்பட்ட விமான நிலைய ரயில் பாதை, விருந்தினரெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பின், 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆயினும் அந்தப் பாதையே இன்று டில்லி ஜனங்களுக்கு நித்திய உபகாரமாயிருக்கிறது. பந்தயத்துக்கு உதவாதது ஊருக்கு உதவியது. பந்தயத்துக்கு மட்டும் உதவியதோ ஊருக்குப் பாரமாயிற்று. இதில் ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது.

அந்தத் தத்துவத்தை நாம் அயல் நாட்டாரிடம் கற்கவேண்டிய அவசியமில்லை. அனுப்பர்பாளையத்திலிருந்து சற்றுத் தூரத்தில் அவிநாசி இருக்கிறது. சித்திரை மாதத்தில் அங்கே பெரிய தேர் ஓடுகிறது. கொங்கு நாடெங்குமிருந்து ஜனங்கள் திரளுகிறார்கள். அத்தனை கூட்டத்துக்காக நம் முன்னோர் ஊருக்கு வெளியே தனி மைதானம் கட்டிப் பூட்டி வைத்தார்களா? இல்லை. தேர் ஓடுவதற்கென்று அகலமாக வீதி அமைத்தார்கள். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் அந்த வீதியே கடை வீதி, அதுவே குடியிருப்பு, அதுவே வண்டிப் பாதை. தெப்பத் திருவிழாவுக்கென்று குளம் வெட்டினால், மற்ற நாட்களில் அது ஊருக்குத் தண்ணீர். உற்சவ காலத்தில் அன்னம் வழங்கும் சத்திரமே, மற்றக் காலத்தில் வழிப்போக்கனுக்குத் தங்குமிடம். திருவிழாவுக்குச் செய்த ஒவ்வொரு செலவும், திருவிழா இல்லாத நாட்களில் ஊரார் உபயோகிக்கத்தக்கதாக இருந்தது. இதைத் தேர் வீதி நியாயம் என்று நாம் பெயரிடலாம். பந்தயம் நடத்த விரும்பும் எந்த நகரத்தையும் இந்த ஒரு நியாயத்தைக் கொண்டே பரீக்ஷிக்கலாம்.

2025 நவம்பர் 28 முதல் டிஸம்பர் 10 வரை, இளைஞர்களுக்கான உலகக் கோப்பை ஹாக்கிப் பந்தயம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள் கலந்துகொண்டன. அதற்கென்று மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் சர்வதேச முறையில் செயற்கைப் புல் விரித்த ஆடுகளம் அமைந்தது. இது பாண்டி நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினந்தோறும் திறந்திருக்குமாயின், அதற்கிட்ட பணம் தேர் வீதிக்கு இட்ட பணமாகும். பூட்டுப் போட்டு வைத்துவிட்டால் ஏதென்ஸ் நகரத்துக் கதியே அதற்கும் நேரும். மதுரையைப் பார்க்க வருகிறவர்களோ மீனாக்ஷி சுந்தரேசுவரர் கோயிலுக்காக வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியவை நல்ல நடைபாதையும், சுத்தமான கழிப்பிடமும், ஏமாற்றாத வண்டிக்காரரும் ஆகும்.

இப்பொழுது நம் சுற்றுவட்டாரத்துக்கு வருவோம். திருப்பூரின் பெயர் தாங்கிய கிரிக்கெட் அணி 2025ஆம் வருஷத்துத் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. ஆயினும் அவ்வருஷத்து ஆட்டங்களில் ஒன்றும் திருப்பூரில் நடக்கவில்லை. கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய ஊர்களிலேயே நடந்தன. இதற்காக நம்மவர் சிலர் வருந்துகிறார்கள். வருத்தப்பட அவசியமில்லை. உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் எந்தத் தேசத்தில் நடந்தாலும், ரசிகர்கள் அணியும் பனியன்களுக்கு ஆர்டர் திருப்பூருக்கு வருவது வழக்கமாயிருக்கிறது. பிரேஸிலில் ஒருவன் பந்தை உதைத்தால் இங்கே ஒரு தையற்காரர் வீட்டில் அடுப்பு எரிகிறது. மைதானம் கட்டுகிற செலவும் கடனும் வேறொருவருடையது, கூலி நம்முடையது. தொழில் உள்ள ஊர், பந்தயத்தைத் தன் வாசலுக்கு வரவழைக்காமலே அதிலிருந்து பயன் பெற முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

பெருங்கூட்டத்தை வரவேற்கும் அநுபவமும் நமக்கு இல்லாததன்று. திருமுருகன்பூண்டியிலுள்ள பின்னலாடைக் கண்காட்சி வளாகத்துக்குப் பல தேசத்து வியாபாரிகள் நெடுங்காலமாக வந்து போகிறார்கள். பந்தய விருந்தினர் வருஷத்துக்கு ஒரு முறை வருவதுகூட அரிது. இவர்களோ திரும்பத் திரும்ப வருகிறவர்கள். இவர்களில் எத்தனை பேர் அந்த வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கற்சிற்பக் கூடங்களுக்குள் நுழைந்து பார்த்திருப்பார்கள்? எத்தனை பேர் அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் வெறும் தகடு அண்டாவாக உருவெடுப்பதைக் கண்டிருப்பார்கள்? கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கி, மோட்டாரில் வந்து, மாதிரித் துணிகளைப் பார்த்து, அதே மோட்டாரில் திரும்பிவிடுகிறவர்களே பெரும்பாலார். நொய்யல் நதி இருக்கிறது. ஆனால் அதன் கரையில் விருந்தினரை அழைத்துச் சென்று நிறுத்த நமக்கு நாணமாயிருக்கிறது. சாயக் கழிவு மிகுந்து, 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவிட நேர்ந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். வந்த விருந்தினரை ஒரு நாள் கூடத் தங்க வைக்க முடியாத ஊர், புதிய விருந்தினரைக் கோடி கொடுத்து அழைப்பதில் என்ன லாபம்?

திருமுருகன்பூண்டித் தலபுராணம் நம் பக்கத்தில் அறியாதார் இல்லை. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் மணியையும் சுமந்துகொண்டு சுந்தரமூர்த்தி நாயனார் அவ்வழியே வந்தபோது, சிவபெருமான் ஏவிய பூதகணங்கள் வேடர் உருவில் வந்து அவற்றைப் பறித்துச் சென்றன. நாயனார் கோயிலுக்குப் போய் இறைவனையே கேள்வி கேட்டுப் பாடினார். பறிபோன பொருள் திரும்பி வந்தது. இக்காலத்தில் பொதுப் பொக்கிஷத்துப் பொன் ஆடம்பர வேஷத்தில் வருகிறவர்களிடம் பறிபோகுமாயின், கேள்வி கேட்க வேண்டியவர்கள் ஜனங்களே. கேட்காதவரைக்கும் அது திரும்பி வராது.

என்ன கேட்க வேண்டும்? தேச ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்கள் மனத்தில் கொள்ளத்தக்க ஐந்து விஷயங்களை இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, எந்தச் சர்வதேசப் பந்தயத்துக்கும் பொதுப்பணம் செலவாகுமாயின், பந்தயம் முடிந்த 6 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு வெளியிட வேண்டும். வெளியிடாவிடில், 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு எழுதினால் போதும். மேடையில் செய்யும் நூறு கண்டனப் பிரசங்கங்களைவிட இத்தகைய மனு ஒன்று அதிகப் பயன் தரக்கூடும்.

இரண்டாவது, பந்தயத்துக்கு முன் மூன்று வருஷங்கள், பின் மூன்று வருஷங்கள், அவ்வூருக்கு வந்த பிரயாணிகளின் தொகையை, பந்தயத்தை நடத்தியவர்கள் அல்லாத பிறர் எண்ணிச் சொல்ல வேண்டும். கட்சிக்காரனே சாட்சியாகவும் நீதிபதியாகவும் இருப்பது தகாது.

மூன்றாவது, பந்தயத்தின் பெயரால் எந்த ஏழைக் குடும்பமும், மாற்று வீட்டின் சாவி கையில் கிடைப்பதற்கு முன் அப்புறப்படுத்தப்படலாகாது. விருந்தினர் கண்ணில் குடிசை படக்கூடாது என்று கருதுகிறவர்கள், குடிசைக்குப் பதில் வீடு கட்டட்டும். திரை கட்ட வேண்டாம்.

நான்காவது, பந்தயத்துக்கு வேண்டிய துணி, பாத்திரம், பரிசுப் பொருள் முதலியவற்றில் ஒரு பங்கு சிறு தொழிலாளிகளிடமிருந்தே வாங்கப்பட வேண்டும். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூரிலும், திருமுருகன்பூண்டியிலும், அனுப்பர்பாளையத்திலும் உள்ள தொழிலாளி, பந்தய மண்டபத்தின் உள்ளே, விருந்தினர் நடமாடும் வழியிலேயே, வாடகையின்றித் தன் சரக்கை வைத்து விற்க இடம் பெற வேண்டும். வாசலுக்கு வெளியே, போலீஸ் வேலிக்கு அப்பால், வெயிலில் அவனை நிறுத்துவது உபசாரமாகாது. விருந்தாளி வீடு திரும்பி ஒரு பித்தளைக் குத்துவிளக்கை ஏற்றும்போதெல்லாம் நம் ஊர் அவர் நினைவுக்கு வரும்; செய்தித்தாளில் முழுப் பக்க விளம்பரம் போட்டாலும் அந்தப் பலன் கிட்டாது.

ஐந்தாவது, கட்டப்படும் எதுவும் தேர் வீதி நியாயத்துக்கு இணங்க வேண்டும். அந்த மைதானத்தில் மறுநாள் காலை விளையாடப்போவது யார் என்ற கேள்விக்கு, அஸ்திவாரக் கல் நாட்டும் அன்றே, எழுத்து மூலம் பதில் சொல்லப்பட வேண்டும். முனிசிபல் பள்ளிக்கூடத்துச் சிறுவர் சிறுமியர் என்பது அந்தப் பதிலாயின், அத்தகைய மைதானத்தை நாமும் ஆதரிப்போம். அதற்கு ஒலிம்பிக் வரும்வரை காத்திருக்கவும் அவசியமில்லை.

ஆமதாபாத்துக்கும் இதையே சொல்லுகிறோம். 2030க்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. பார்ஸிலோனாவின் வழியும், டில்லி கண்ட வழியும் அதன் முன் திறந்தே இருக்கின்றன. நம் தேசத்து நகரம் ஒன்று உலகத்தார் முன் நன்றாக நடந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் நமக்கும் உண்டு. அது தலைகுனிவதைக் காண எந்தத் தேசபக்தனும் விரும்பமாட்டான். ஆனால் கரகோஷம் செய்வது மட்டும் தேசபக்தியாகாது. கணக்குக் கேட்பதும் தேசபக்தியே.

பிரயாணி என்பவர் ஊரின் விளம்பரத்தைப் பார்த்து ஒரு முறை வருவார். இரண்டாம் முறை வருவது, முதல் முறை குடித்த தண்ணீரையும், நடந்த தெருவையும், பேரம் பேசிய கடைக்காரரின் நாணயத்தையும் நினைத்து. இவை ஊராருக்கே தினமும் வேண்டியவை. ஊரார் சுகமாக வாழும் ஊருக்கு விருந்தினர் அழைக்காமலே வருவார்கள். அனுப்பர்பாளையத்து நகரசபை உறுப்பினரிடம் அடுத்த முறை எவரேனும் பெரிய மைதானம் வேண்டுமென்று விண்ணப்பிக்கச் சென்றால், முதலில் அவிநாசி ரோட்டின் ஓரத்தில் நடப்பதற்கு ஒரு நல்ல நடைபாதை வேண்டுமென்று கேட்டுவிட்டு வருவாராக.